வீட்டுக்குக் காம்பவுண்டு சுவர், வேலி: தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டும்போது பிளானுக்கு ஒருவர், கம்பிக்கு ஒருவர், லோனுக்கு ஒருவர் என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். காம்பவுண்டு சுவர் மட்டும் கடைசியில், மிச்சமிருக்கும் செங்கல்லை வைத்து, மேஸ்திரி கயிறு பிடித்த இடத்தில் எழும்பிவிடுகிறது. ஆனால் அக்கம்பக்கத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோவது பெரும்பாலும் இந்தச் சுவரால்தான். வீட்டுமனைக்குச் சுவரோ வேலியோ போட நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பாதிக் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: கட்டும் முன் அளந்தீர்களா?

காம்பவுண்டு சுவருக்குத் தனியாக அனுமதி வாங்கவேண்டுமா?

புது வீடு கட்டுகிறீர்கள் என்றால், வீட்டுக்கான வரைபடத்திலேயே சுற்றுச்சுவரையும் கேட்டையும் காட்டிவிடுங்கள். ஒரே அனுமதியில் வேலை முடிந்துவிடும். தமிழ்நாட்டில் கட்டட அனுமதிக்கு இப்போது அடிப்படையாக இருப்பது 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். நீங்கள் போய் நிற்கவேண்டிய இடம் உங்கள் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சி. பெரிய கட்டடங்கள் என்றால் சென்னைப் பெருநகரில் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற மாவட்டங்களில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்).

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர்கள் இணையத்திலேயே உடனே அனுமதி பெறலாம். வசதிதான். ஆனால் யாரும் வந்து பார்க்காமல் அனுமதி கிடைக்கிறது என்பதால், கொடுக்கும் அளவு தப்பாக இருந்தால் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்தான் விழும்.

வீடு ஏற்கெனவே இருக்கிறது, சுவர் மட்டும் இப்போது கட்டப்போகிறீர்கள் என்றால், மனை வரைபடத்தில் சுவர் வரும் கோட்டைக் குறித்து, ஒரு மனுவோடு உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்து எழுத்துமூலம் பதில் கேளுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள். தெருப்பக்கச் சுவருக்கு இது மிக முக்கியம்.

என் எல்லை எங்கே என்று எதை வைத்து முடிவு செய்வது?

பழைய வேலி இருந்த இடத்தை வைத்து இல்லை. முன்பு குடியிருந்தவர் கைகாட்டிய இடத்தை வைத்தும் இல்லை. மூன்று காகிதங்களைக் கையில் எடுங்கள்.

முதலாவது கிரயப் பத்திரம். அதன் கடைசிப் பக்கங்களில் சொத்து விவரம் இருக்கும்: நான்கு பக்கமும் யார் யார் இடம் என்ற செக்குபந்தி, கிழமேல் எத்தனை அடி, தென்வடல் எத்தனை அடி. இரண்டாவது பட்டா. நகர நில அளவை முடிந்த ஊர்களில் இதற்குப் பதிலாக நகர நிலப் பதிவேட்டின் நகல் இருக்கும். மூன்றாவதுதான் சுவருக்கு உயிர்நாடி: எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்லும் நிலஅளவைப் புலப்படம். உங்கள் சர்வே எண்ணின் ஒவ்வொரு பக்கமும் எத்தனை மீட்டர், கல் எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். பட்டாவையும் புலப்படத்தையும் வருவாய்த் துறையின் இணைய சேவையில் எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே பலர் சறுக்கும் இடம் உட்பிரிவு. உங்கள் மனை ஒரு பெரிய சர்வே எண்ணுக்குள் லே-அவுட் போட்டு விற்றதாக இருந்து, உட்பிரிவு ஆகாமல் கூட்டுப் பட்டாவாகவே இருந்தால், புலப்படத்தில் உங்கள் மனையின் கோடே இருக்காது. வெளி எல்லை மட்டும்தான் இருக்கும். அப்படியென்றால் முதலில் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குங்கள். சுவர் பிறகு.

சர்வேயரை எப்படி அழைப்பது? அவர் வந்தால் என்ன செய்வார்?

எல்லையை அளந்து காட்டக் கேட்கும் மனுவை ஊரில் 'எஃப்-லைன் மனு' என்பார்கள். இ-சேவை மையத்திலோ இணையத்திலோ கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். தாலுகா அலுவலகத்தின் நில அளவைப் பிரிவுக்கு அது போகும். அளக்கும் நாளைப் பக்கத்து நிலக்காரர்களுக்கும் தெரிவித்துத்தான் அளக்கவேண்டும். அந்த நாளில் அவர்களும் நிற்கட்டும். நீங்களே நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லி அழைத்துவிடுங்கள். ஆளில்லாமல் அளந்த எல்லையைப் பிற்பாடு யாரும் ஏற்றுக்கொள்வதில்லை.

சர்வேயர் வந்ததும் உங்கள் மனையில் டேப்பைப் பிடிக்கமாட்டார். சற்றுத் தள்ளி, சில சமயம் இரண்டு வயல் தாண்டி, பழைய சர்வே கல் ஒன்றைத் தேடுவார். பாதி மண்ணில் புதைந்து, மேலே புல் மூடிக் கிடக்கும் அந்தக் கல்தான் அவருக்கு ஆரம்பப் புள்ளி. மண்வெட்டியும் கடப்பாரையும் தயாராக வைத்திருங்கள். ஒன்றுக்கு இரண்டு கல் கிடைத்து, அவற்றுக்கு இடையே உள்ள தூரம் படத்தோடு ஒத்துப்போனால்தான் அங்கிருந்து உங்கள் மூலைகளுக்கு வருவார். மூலை குறித்ததும் அந்த இடத்திலேயே கல் நட்டுவிடுங்கள். வெறும் குச்சி அடுத்த மழைக்கு நிற்காது. எல்லாக் கல்லையும் சுற்றி இருக்கும் நிலையான பொருள்களோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

தனியார் சர்வேயர்கள் டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவுக் கருவி வைத்துத் துல்லியமாக அளப்பார்கள். உங்கள் திட்டத்துக்கு அது போதும். ஆனால் பக்கத்து வீட்டோடு சச்சரவு என்று வந்தால் அரசு நில அளவையின் அறிக்கைதான் எடுபடும்.

நட்ட கல்லை யாராவது பிடுங்கினாலோ நகர்த்தினாலோ அது குற்றம். 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின்படி, அளந்து அறிவிக்கப்பட்ட எல்லைக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

பத்திரத்தில் 40 அடி, இடத்தில் அளந்தால் 38 அடிதான் வருகிறது. எது சரி?

உடனே பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகப்படாதீர்கள். காரணங்கள் பல. லே-அவுட் போட்டவர் சாலைக்கு விட்ட அளவில் கோளாறு இருக்கலாம். வரிசையில் முதலில் கட்டியவர் அரையடி தள்ளிக் கட்டியிருந்தால், அந்த அரையடி வரிசையில் கடைசி மனை வரைக்கும் நகர்ந்து வரும். கிராமப்புறத்தில் 1979-இல் தொடங்கிய நிலப் பதிவேடு புதுப்பிப்பின்போது, யு.டி.ஆர். என்பார்களே, அப்போது ஏறிய பிழைகள் இன்னமும் பல பட்டாக்களில் இருக்கின்றன.

பட்டா மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது என்பதை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. பதிவேட்டில் பிழை என்றால் வருவாய்த் துறையில் திருத்த மனு போடலாம். இடம் யாருடையது என்பதிலேயே தகராறு என்றால் அதைத் தாசில்தாரோ சர்வேயரோ தீர்க்க முடியாது, சிவில் நீதிமன்றம்தான் தீர்க்கும். அது தெளிவாகும்வரை, சண்டையில்லாத பக்கங்களில் மட்டும் சுவரை எழுப்பி, சிக்கலான பக்கத்தில் கல்லுக்காலும் கம்பியும் போட்டு நிறுத்துவது என் யோசனை. கம்பி வேலியை ஒரே நாளில் நகர்த்தலாம். கான்கிரீட் பெல்ட் போட்ட சுவரை நகர்த்த முடியாது.

சுவரைச் சரியாக எல்லைக் கோட்டின் மேலேயே கட்டலாமா?

சுவர் உங்களுடையது மட்டும் என்றால், அதன் எந்தப் பகுதியும் கோட்டைத் தாண்டக்கூடாது. மேலே தெரிவது மட்டும் சுவர் இல்லை. 9 அங்குலச் சுவருக்கு 2 அடி அகல அஸ்திவாரம் நடுவில் போட்டால், இரு பக்கமும் ஏழரை அங்குலம் மண்ணுக்கடியில் நீளும். சுவரின் வெளிமுகத்தை எல்லைக் கோட்டில் வைத்தால், அந்த ஏழரை அங்குலம் பக்கத்துக்காரர் நிலத்தில் போய்விடுகிறது. பத்து வருடம் கழித்து அவர் தன் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது அது வெளியே வரும், அன்றைக்கு ஆரம்பிக்கும் பேச்சு நல்லபடி முடியாது.

வழி இரண்டு. அஸ்திவாரத்தின் விளிம்பு கோட்டுக்குள் வருமாறு சுவரை உள்ளே தள்ளிக் கட்டுவது ஒன்று. அஸ்திவாரத்தை உங்கள் பக்கமாக மட்டும் நீட்டிப் போடுவது இன்னொன்று. இரண்டாவதற்கு இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கொடுக்கவேண்டும், மேஸ்திரியின் கைக்கணக்கு போதாது. சுவர் மேல் வைக்கும் தொப்பிக் கல்லும் வெளியே நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சு வேலைக்குப் பக்கத்து இடத்தில் சாரம் கட்டவேண்டியிருக்கும், அதற்கும் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

பக்கத்து வீட்டோடு சேர்ந்து ஒரே பொதுச்சுவராகக் கட்டினால்?

அருமையான யோசனை. செலவு பாதி, இடமும் மிச்சம். ஆனால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். சுவரின் நடுக்கோடுதான் எல்லை, செலவு இன்ன விகிதம், பழுதுபார்ப்பு யார், ஒருவர் மட்டும் உயர்த்தவோ அதன்மேல் ஷீட் சாய்க்கவோ கூடாது என்பதை ஒரு ஒப்பந்தமாக எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இடத்தின் உரிமையே கைமாறுகிறது என்றால் அதைப் பதிவு செய்யவேண்டும். இன்றைக்கு அண்ணன் தம்பியாகப் பழகுபவர் நாளைக்கு வீட்டை விற்றுவிட்டுப் போகலாம். வாங்கி வருபவருக்கு உங்கள் பேச்சு தெரியாது, காகிதம்தான் தெரியும்.

எவ்வளவு உயரம் கட்டலாம்?

இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் அளவு இது: தெருவின் நடுமட்டத்திலிருந்து 1.5 மீட்டர், அதாவது ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. மேலே உள்ள 0.9 மீட்டரைக் கம்பி அல்லது ஜாலியாக, காற்றும் பார்வையும் போகும்படி விட்டால் மொத்தம் 2.4 மீட்டர் வரை போகலாம். அந்தத் தொகுப்பு ஒரு மாதிரி விதிதான். உங்களைக் கட்டுப்படுத்துவது மாநில விதியும் உங்கள் அனுமதி ஆணையில் எழுதியிருக்கும் நிபந்தனையும். ஆணையை ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள்.

மூலை மனைக்காரர்கள் இன்னும் கவனிக்கவேண்டும். தெருக்கள் சந்திக்கும் முனையிலிருந்து இரு பக்கமும் 10 மீட்டர் நீளத்துக்குக் கட்டுச்சுவர் 0.75 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதற்கு மேல் கம்பித் தடுப்புதான் என்கிறது அதே தொகுப்பு. திருப்பத்தில் வரும் சைக்கிள் பையனை வண்டி ஓட்டுபவர் பார்க்க முடியவேண்டும். இரண்டரை அடிச் சுவருக்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

பாதுகாப்புக்காக இன்னும் உயரமாக, பெரிதாகக் கட்டினால் என்ன தப்பு?

2019 டிசம்பர் 2 அன்று, விடியும் முன், மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் தொடர்மழையில் சரிந்து, கீழே இருந்த வீடுகளின் மேல் விழுந்தது. சுமார் 20 அடி உயரமுள்ள சுவர். தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அருந்ததியர் குடும்பங்கள். அது தங்களைப் பிரித்து வைக்கக் கட்டிய தீண்டாமைச் சுவர் என்று அந்த மக்கள் சொன்னார்கள். காம்பவுண்டு கட்டுகிற யாரும் இதை மறக்கக்கூடாது என்று நினைக்கிறேன். சுவரின் உள்பக்கம் மட்டும் நம்முடையது, வெளிப்பக்கம் விழுந்தால் அங்கே இன்னொருவர் பிள்ளை படுத்திருக்கும்.

தனித்து நிற்கும் சுவருக்கு முட்டுக் கொடுக்கக் குறுக்குச் சுவரோ கூரையோ கிடையாது. அதனால் பத்தடிக்கு ஒரு பில்லராவது வேண்டும். நாலரை அங்குலச் சுவரை ஆறடிக்கு வெறுமனே ஏற்றுவது ஆபத்து. நீளமான சுவரில் இடைவெளி விட்டு இணைப்பு வைக்காவிட்டால் வெயிலில் விரிந்து வெடிக்கும். ஒரு பக்கம் மண் மட்டம் உயரமாக இருந்தால் அது காம்பவுண்டே இல்லை, மண்ணைத் தாங்கும் தடுப்புச்சுவர். மழையில் ஊறிய மண்ணின் தள்ளுவிசை காய்ந்த மண்ணைவிட மிக அதிகம். அங்கே தண்ணீர் வடியத் துளைக்குழாய் வைத்து, இன்ஜினியர் வடிவமைத்த சுவர்தான் கட்டவேண்டும். சுவரில் வயிறு தள்ளியிருந்தாலோ, அடியில் நீளவாக்கில் விரிசல் ஓடினாலோ அடுத்த மழைவரை காத்திருக்காதீர்கள், இறக்கிவிடுங்கள்.

கேட்டுக்கு முன்னால் தெருவில் படி, சாய்தளம் போடலாமா?

கூடாது. தெரு உங்களுடையது இல்லை, மழைநீர் வடிகாலும் உங்களுடையது இல்லை. சாய்வு வேண்டும் என்றால் கேட்டை உள்ளே தள்ளி, சாய்வை உங்கள் மனைக்குள் எடுங்கள். கேட்டும் உள்பக்கமாகத் திறக்கட்டும், அல்லது பக்கவாட்டில் தள்ளும் கேட்டாக இருக்கட்டும். தெருவில் நீட்டியதை உள்ளாட்சி இடித்தால் செலவும் உங்கள் கணக்கில் வரலாம்.

என் மனை வழியாக மக்கள் நடந்து போகிறார்கள். சுவர் வைத்து மறித்துவிடலாமா?

முதலில் உங்கள் பத்திரத்தையும் மூலப் பத்திரங்களையும் பாருங்கள். 'வழிநடை பாத்தியம்', 'வண்டிப்பாதை' என்று எழுதியிருந்தால் மறிக்க முடியாது. எழுதாவிட்டாலும், 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையாக, வெளிப்படையாகப் பயன்படுத்திய பாதைக்கு உரிமை கேட்கலாம். ஒரு நிலத்தைப் பிரித்து விற்றதில் பின்மனைக்கு வேறு வழியே இல்லாமல் போனால், அவசியத்தால் வரும் வழியுரிமையும் உண்டு. நீங்கள் தயவாக அனுமதித்து வந்த வழி என்றால் நிலைமை வேறு. எது எது என்று வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கல் வையுங்கள்.

பொதுப்பாதையை மறித்து, ஒரு சாதியார் வராமல் தடுக்கக் கட்டும் சுவர் சொத்துப் பிரச்சினையே இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அது குற்றம். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் அப்படி நின்ற சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதம் அரசே இடித்துப் பாதை திறந்தது.

சுவர் கட்டினால் மழைத்தண்ணீர் எங்கே போகும்?

கட்டும் முன், ஒரு நல்ல மழையில் குடை பிடித்துக்கொண்டு மனையில் நின்று பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். இயல்பாக ஓடிவரும் நீரை அடைத்துப் பக்கத்து வீட்டுக்குள் திருப்பினால் வழக்கு வரும். உங்கள் மாடித் தண்ணீரை அடுத்தவர் சுவரில் கொட்டுவதும் தவறு. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், சுவரை ஒட்டி உள்பக்கமாகவே ஒரு சேகரிப்புக் குழி எடுத்துவிட்டால் இரண்டு வேலையும் முடியும்.

பக்கத்து வீட்டு மரம் சுவரை இடிக்கிறது. வெட்டலாமா?

உங்கள் பக்கம் நீண்ட கிளையை, அவர் இடத்தில் கால் வைக்காமல், உங்கள் பக்கம் நின்றே கழிக்கலாம். சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மரத்தையே வெட்ட உங்களுக்கு உரிமை இல்லை. விழும் நிலையில் சாய்ந்த தென்னை, இடியும் நிலையில் உள்ள சுவர் போன்றவற்றுக்கு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின் கீழ் நிர்வாக நடுவரிடம் மனு கொடுக்கலாம். பழைய 133-ஆம் பிரிவுதான் இது.

கரண்ட் வேலி, கண்ணாடிச் சில்லு, முள்கம்பி?

வீட்டு லைனிலிருந்து நேராகக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. ஆள் செத்தால் மரணம் விளைவித்ததற்கான கடும் குற்ற வழக்கு, மாடோ யானையோ செத்தாலும் சிறைக்குப் போகவேண்டி வரலாம். கடைகளில் விற்கும் சோலார் வேலி வேறு வகை. பேட்டரியிலிருந்து விட்டு விட்டு, கணநேர அதிர்ச்சி மட்டும் தரும். காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் அதற்கும் 2023-இல் வந்த மின்வேலி விதிகளின்படி பதிவும் அனுமதியும் வேண்டும்.

கண்ணாடிச் சில்லு பதிப்பதை விட்டுவிடலாம். திருடன் அதன்மேல் சாக்கைப் போட்டு ஏறிவிடுவான், பந்து எடுக்க வரும் குழந்தையின் கைதான் கிழியும்.

மனை வாங்கிப் போட்டு வெளியூரில் இருக்கிறேன். வேலி அவசியமா?

அவசியம். காலி மனைக்குச் சுவர் வேண்டாம், கல்லுக்கால் நட்டு மூன்று நான்கு வரி கம்பி போதும். இல்லையென்றால் ரெடிமேட் சிலாப். காலவரையறைச் சட்டம், 1963-இன்படி, ஒருவர் உங்கள் இடத்தை உங்களுக்கு எதிராக, வெளிப்படையாக, தொடர்ந்து 12 ஆண்டுகள் வைத்திருந்தால் அனுபவ பாத்தியம் கோர முடியும். வெறுமனே 12 ஆண்டு ஆடு கட்டியிருந்தால் போதாது, அவர் நிறைய நிரூபிக்கவேண்டும். ஆனாலும் அந்த வழக்கை நடத்துவது உங்கள் பாடு.

வருடம் ஒருமுறை போய்ப் பாருங்கள். காலிமனை வரி ரசீதை உங்கள் பெயரில் ஒழுங்காக வைத்திருங்கள். வில்லங்கச் சான்றையும் அவ்வப்போது போட்டுப் பாருங்கள். உயிர்வேலி விருப்பம் என்றால் கிளுவை அருமையானது, போத்து வெட்டி நட்டால் தழைத்துவிடும். எல்லைக் கோட்டிலேயே நடாமல் இரண்டடி உள்ளே நடுங்கள், செடி வருடா வருடம் தடித்து வெளியே வரும்.

பக்கத்து மனைக்காரர் என் இடத்தில் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறார். இப்போது என்ன செய்வது?

சுவரை நீங்களே இடிக்காதீர்கள். அந்த நிமிடமே நியாயம் அவர் பக்கம் போய்விடும். தேதி தெரியும்படி படமும் வீடியோவும் எடுங்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் புகார் கொடுங்கள், வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள், நில அளவைக்கும் விண்ணப்பியுங்கள். அடிதடி வரும்போல இருந்தால் போலீசுக்குப் போகலாம், ஆனால் எல்லை எது என்று போலீஸ் சொல்ல முடியாது.

வேலை நிற்கவில்லை என்றால் தாமதிக்காமல் சிவில் நீதிமன்றத்தில் தற்காலிக உறுத்துக்கட்டளை, அதாவது வேலையை நிறுத்தச் சொல்லும் உத்தரவு, கேளுங்கள். அஸ்திவாரம் தோண்டும்போது வருபவருக்கும், பெயிண்ட் அடித்த பிறகு வருபவருக்கும் நீதிமன்றத்தில் ஒரே வரவேற்பு இருக்காது. வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கச் சொல்லி, சர்வேயரோடு அவர் வந்து அளந்து அறிக்கை கொடுக்குமாறும் கேட்கலாம். எதிர்த்தரப்பு உங்களுக்குத் தெரியாமல் தடை வாங்கிவிடுமோ என்று பயம் இருந்தால், என்னையும் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று நீதிமன்றத்திடம் முன்கூட்டியே சொல்லும் கேவியட் மனு போட்டு வையுங்கள், அது 90 நாள் செல்லும்.

வழக்குக்கு முன் இன்னொரு கதவும் இருக்கிறது. நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும். ஒரு மனு கொடுத்தால் இருவரையும் அழைத்துப் பேசவைப்பார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞரும் உண்டு. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசம் ஆனால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. அந்தச் சமரசத்தில் அளந்த வரைபடத்தை இணைத்து, கல் நட்ட இடங்களைக் குறித்து, இருவர் கையெழுத்தையும் வரைபடத்தின் மேலேயே வாங்கிவிடுங்கள்.